ஏந்துகல் இல்லாத கார்னீஸ்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் சுவரைத்தான் தட்டுவாள். வீட்டுக்காரர்களிடம் நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நடுவிரலை மடக்கி முட்டியால் மூன்று தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் அடித்திருக்கும் மரச்சட்டத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பாள். தரையோரமாக ஓடும் சிமிந்திப் பட்டியைக் கால் கட்டைவிரலால் உதைப்பாள். உட்காருங்கள் என்று நாற்காலியைப் போட்டால் அதையும் ஒரு முறை ஆட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

இது எல்லாருக்கும் எரிச்சலாக இருந்தது. எனக்கு இன்னும் அதிகம். எங்கள் காஜா பெராங் பக்கத்தில் அவள் தட்டிய சுவர்களில் பாதி நான் பூசியவை.

நான் கொத்தனார். அவள் சித்தாள். மலாக்காவில் கட்டடம் எழும்பும் இடங்களில் மண்ணும் கலவையும் சுமப்பவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நேரில் அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் தட்டுக்காரி என்போம். உண்மைப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இவன் எதற்கு என் பெயரை எழுதுகிறான் என்று அதற்கும் ஒரு காரணம் தேடுவாள்.

பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்கு மாறிவிட்ட மலாக்காச் செட்டிகள் வீடு ஒன்றில் பின்னறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். வீட்டுக்கார அம்மாளுக்குத் தமிழ் வராது, மலாய்தான். குடிவந்த முதல் வாரமே இவள் அந்த வீட்டின் சுவரையும் தட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி "கீலா, கீலா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பைத்தியம் என்று அர்த்தம். ஆனால் காலி பண்ணச் சொல்லவில்லை. ஏனென்றால் தட்டிய இடத்தில் கறையான் இருந்தது.

அவள் புருஷன் ஒரு மாடி முகப்பு இடிந்து விழுந்து செத்துப்போனான், அதிலிருந்துதான் இவளுக்கு இந்தப் புத்தி என்று ஊரில் ஒரு கதை உண்டு. நானும் நம்பினேன். கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன். ஒரு நாள் வேலையிடத்தில் பசியாறும்போது ஒரு கிழவர் அதைப் பற்றித் துக்கம் விசாரித்தார். அவள் தேநீரை ஊதிக் குடித்தபடியே, "யாரு செத்தா? அவன் தைப்பிங்ல இன்னொருத்திகூட இருக்கான். நல்லா சாப்புட்டுப் பெருத்துப் போயிட்டானாம்" என்றாள். அதோடு என் இரக்கம் போயிற்று. காரணமே இல்லாமல் சந்தேகப்படுகிறவளை என்ன செய்வது?

அவளுக்கு ஒரே கேள்விதான். "இது எதப் புடிச்சிக்கிட்டு நிக்குது?" சுவரைப் பார்த்தாலும் அதுதான், ஆளைப் பார்த்தாலும் அதுதான். சுதந்திரத் தேதியை நம் மலாக்காத் திடலில்தான் அறிவித்தார்கள். ஊரே சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. நாங்கள் தெருவோர ஒட்டுக்கடையில் நின்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் வடையை இரண்டாகப் பிய்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே, "சரி லா. அது எதப் புடிச்சிக்கிட்டு நிக்கப் போவுது?" என்று கேட்டாள். ஒருவன், "ஒன் வாயப் புடிச்சிக்கிட்டுக்கா" என்றான். அவளும்தான் சிரித்தாள்.

கட்டட விஷயத்தில் அவள் சொன்னதில் நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பார்க்கிறவர்கள் சுவரில் ஓடும் வளைவையும் பட்டியையும் அழகுக்கு வைத்தது என்று நினைப்பார்கள். பாதிதான் அழகு. தரையோரப் பட்டி, தரை கழுவும் தண்ணீர் சுவரில் ஏறாமல் இருக்க. கதவோரச் சட்டம், மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை மூட. கூரைக்கடியில் படிப்படியாக வெளியே நீளும் கார்னீஸ், மழைத்தண்ணீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி விழவைக்க. அதன் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு காடி வெட்டியிருப்போம். தண்ணீர் உள்ளே திரும்பி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். ஆக எங்கே இரண்டு பொருள் சரியாகச் சேரவில்லையோ, எங்கே தண்ணீர் புகுமோ, அங்கேதான் இந்த வளைவெல்லாம் வரும். அவளுக்கு அது தெரியும். "எங்க அலங்காரம் அதிகமா இருக்குதோ அங்க கைய வச்சிப் பாரு" என்பாள்.

என் வீட்டிலும் கையை வைத்தாள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். மனைவி ஆசையாகக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தாள். இவள் குடித்து முடித்து எழுந்து, அறைக் கதவின் ஓரச் சட்டத்தை விரலால் நெம்பினாள். அது கையோடு வந்துவிட்டது. பின்னால் சந்து முழுக்கப் பழைய செய்தித்தாள். நான்தான் திணித்திருந்தேன். வாடகை வீடுதானே என்று.

அவள் தாளை உருவி என் மனைவியிடம் கொடுத்து, "ஒன் வீட்டுக்காரன் இதுக்குள்ளதான் படிக்கிறான் போல" என்றாள்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஒரு மாதம் தட்டுக்காரியிடம் பேசவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அன்றிலிருந்து சிநேகம்.

அந்தக் காலம் வேறு அப்படிப்பட்டது. கம்யூனிஸ்டுகளோடு நடந்த காட்டுச் சண்டை முழுதாக முடியவில்லை. அடையாள அட்டை இல்லாமல் வெளியே போக முடியாது. யார் யாரிடம் என்ன சொல்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. அதிகமாகக் கேள்வி கேட்கிறவளை யார் நம்புவார்கள்? தெங்கேராத் தெருவில் ஒரு கோப்பிக் கடையில் அவள், தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியோடு உட்கார்ந்து பேசுவதை நானே பார்த்தேன். அந்தத் தவுக்கே எங்களுக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரியான மண்டோருக்குப் போட்டியாகக் கட்டட வேலை எடுக்கிறவர். எங்கள் வேலையில் உள்ள குற்றத்தை எல்லாம் அங்கே போய்ச் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். மண்டோரிடம் சொன்னேன். "ஒரு கண்ணு வச்சிக்கடா" என்றார். வைத்தேன். அவள் என் வேலையைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

பிறகுதான் படிப்பகக் கட்டடம் வந்தது.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து எழுப்பிய மண்டபம் அது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் நான்கு சிமிந்திப் படி. வேலை முடியப் போகும் நேரம். சுதந்திர நாளான மெர்டேக்கா அன்று காலை அந்தப் படிகளில் பெண்பிள்ளைகளை நிறுத்திப் பாட வைத்துக் கொடியேற்றுவது என்று ஏற்பாடு. கமிட்டித் தலைவர் ஒரு மரக்கடையில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவில் பணக்காரர்கள் வீட்டு முகப்பை எல்லாம் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"மொட்டையா இருக்கே. நம்ம கட்டடத்துக்கும் அந்த மாதிரி கார்னீஸ் வேணும். முக்கால் முழமாவது வெளிய வரணும்."

மண்டோர் உடனே, "அதுக்கென்ன, நம்ம தம்பி இழுத்துருவான்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்னீஸை நினைத்த நேரத்தில் சுவரில் ஒட்ட முடியாது. சுவர் எழும்பும்போதே மேல் வரிசைச் செங்கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீட்டி வைத்துக் கட்டவேண்டும். கல்லின் பெரும்பாகம் சுவருக்குள் கடித்துக்கொண்டிருக்கும், சிறுபாகம் வெளியே நிற்கும். அதுதான் ஏந்துகல். அதன் மேல் கலவையை அடித்து, வளைவு வெட்டிய தகட்டு அச்சை மரச்சட்டத்தில் ஓட்டி இழுத்தால் கார்னீஸ். பாரம் முழுக்க ஏந்துகல் மேல். இந்தக் கட்டடத்தில் ஏந்துகல் இல்லை. சுவர் முடிந்து கூரையும் போட்டாயிற்று. கூரையைப் பிரித்து, மேல் வரிசையை உடைத்து, மறுபடி கட்டினால் ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

மண்டோர் ஆணி வாங்கிக் கொடுத்தார். நாலங்குல ஆணி. சுவரில் வரிசையாக அடித்து, கம்பி சுற்றி, உடைந்த ஓட்டுத் துண்டுகளைச் செருகி, அதன் மேல் சிமிந்திக் கலவையை ஏற்றினேன். முப்பது அடி நீளம். அச்சை இழுத்து இழுத்துப் பார்த்தால் அழகாகத்தான் வந்தது. மூலைகளில் அச்சு ஓடாது, கையால் செதுக்க வேண்டும். அதையும் நன்றாகச் செய்தேன். கீழே நின்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பாரத்தை ஆணிகள் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தாங்காமல் போகலாம் என்பது தெரியும்.

கலவை சுமந்தது அவள்தான். இரண்டாம் நாளே சாரத்தின் அடியில் நின்று தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"தம்பி, ஏந்துகல்லு எங்க?"

"உள்ள இருக்குக்கா."

"எப்ப வச்ச?"

"நீங்க வராத அன்னைக்கு."

"நான் என்னைக்கு வராம இருந்தேன்?"

மண்டோர் குறுக்கே வந்தார். "மண்ணு சொமக்க வந்தியா, கணக்குக் கேக்க வந்தியா? நாளையிலேர்ந்து வராத."

அவள் சுமைக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகக் கிராணியின் மரக்கடைக்குப் போய்விட்டாள். மறுநாள் கிராணி வந்து எல்லார் முன்னிலும் என்னைக் கேட்டார், உள்ளே கல் இருக்கிறதா என்று. அவளும் பின்னால் நின்றாள்.

"இருக்கு சார்" என்றேன். "மண்ணு சொமக்குறவங்க சொல்லிக் குடுத்துதான் நான் பூசணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார். அவருக்குக் கார்னீஸ் வேண்டும், அவ்வளவுதான். அவள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். சுவரைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பாளே, அதே மாதிரி.

நான்கு நாள் கழித்து கார்னீஸின் மேல் ஓரத்தில், சுவரோடு சேரும் இடத்தில், மயிரளவு ஒரு கோடு விழுந்தது. சிமிந்தியைத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் அடைத்தேன். அடுத்த நாள் மறுபடி விழுந்தது. மறுபடி அடைத்தேன். மண்டோரிடம் சொன்னபோது, "ஒரு காலை நேரம் தாங்குனா போதும்டா. பொறவு பாத்துக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். யாரும் என் கையைப் பிடித்துச் சரி சொல்ல வைக்கவில்லை.

மெர்டேக்காவுக்கு முந்தைய நாள் மதியம். தென்னங்குருத்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிராணி காகிதக் கொடிகளைக் கயிற்றில் ஒட்ட ஏவிக்கொண்டிருந்தார். அவள் வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே போய், படிப்பகத்தின் நீள பெஞ்சு ஒன்றைத் தூக்கி வந்து, மேல்படியில், கார்னீஸுக்கு நேர் கீழே போட்டாள். உட்கார்ந்தாள்.

"தம்பி, இங்க வா."

"என்னாக்கா?"

"வந்து பக்கத்துல உக்காரு."

"எதுக்கு?"

"சும்மாதான். நாளைக்குப் புள்ளைங்க நிக்கப் போற எடம். கல்லு இருக்குன்னு சொன்னவன் நீ. உக்காந்தா என்ன?"

தோரணம் கட்டியவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மண்டோர், "போயி உக்காந்து காட்டேன்டா, இவ வாய அடைக்கணும்" என்றார். அவர் மட்டும் தெருவோரமாக நின்றுகொண்டார்.

உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. அவள் சாதாரணமாகப் பேசினாள். காலையில் என்ன பசியாறினாய், மனைவிக்கு இருமல் நின்றுவிட்டதா என்று. எனக்கு அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் கூடாது, பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு தடவை மேலேயிருந்து உளுந்தளவு ஒரு துணுக்கு என் தோளில் விழுந்தது. அவள் அதைக் கையால் தட்டிவிட்டு, பேச்சை நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

அப்போது என் மனைவி அடுக்குச் சட்டியோடு வந்தாள். அதுவரை ஒரு நாளும் அவள் வேலையிடத்துக்குச் சோறு கொண்டுவந்ததில்லை.

"வாம்மா, இங்க எடம் இருக்கு" என்று இவள் நகர்ந்து இடம் விட்டாள்.

மனைவி சிரித்துக்கொண்டே முதல் படியில் காலைத் தூக்கி வைத்தாள்.

"அங்கயே நில்லு. வராத. வராதன்னு சொல்றேன்ல."

நான் போட்ட சத்தத்தில் சட்டி அவள் கையிலிருந்து விழுந்து சோறு கொட்டியது. பெஞ்சில் இருந்தவள் மெதுவாக எழுந்து சேலையை உதறினாள். எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அப்ப இது ஆள் பாத்துத்தான் விழும் போல. இவ வந்தா விழும். ஊரான் புள்ள வந்து நின்னா விழாது."

கிராணி என் முன்னால் வந்து நின்றார். "கல்லு இருக்கா, இல்லையா? ஒரே வார்த்த."

"இல்ல."

நானே சாரம் போட்டு ஏறினேன். உடைத்துத் தள்ள அந்தி வரை ஆகும் என்று நினைத்தேன். சுத்தியலால் நான்காம் முறை அடித்ததும் ஏழெட்டு அடி நீளம் ஆணியோடு சுவரிலிருந்து கழன்று அப்படியே இறங்கியது. பெஞ்சை யாரும் நகர்த்தியிருக்கவில்லை. அது நடுவில் ஒடிந்து இரண்டாகக் கிடந்தது. கீழே நின்றவர்கள் பெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மண்டோர் எப்போது போனார் என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவர் வேலையில் நான் இல்லை. அவர் எல்லாரிடமும் நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று சொன்னார்.

மெர்டேக்கா காலையில் சுவர் ஆணித் துளைகளோடு நின்றது. மேலே தோரணத்தை நெருக்கிக் கட்டி மறைத்திருந்தார்கள். பிள்ளைகள் படியில் நின்று பாடினார்கள். நான் தெருவோரக் கால்வாய்ப் பக்கம், எல்லாருக்கும் பின்னால் நின்றேன். மனைவி என்னோடு நிற்கவில்லை. தட்டுக்காரி படிப்பக்கமே வரவில்லை. எதிர்ப்பக்கம் ரம்புத்தான் மரத்தடியில் நின்றாள். "வாங்கக்கா, இப்பதான் எடுத்தாச்சே" என்று ஒருத்தி கூப்பிட்டதற்கு, "கார்னீஸ எடுத்தீங்க. ஓடு போட்டவனும் அதே மண்டோர்தானே?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்கு நல்லது செய்தாள் என்று நினைக்க வேண்டாம். என்னைப் பற்றி யார் கேட்டாலும், "கை நல்ல கை. ஆணி அடிச்சி ஒட்டுவான், பாத்துக்க" என்பாள். இரண்டு வருஷம் எனக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைதான் கிடைத்தது. தெங்கேராத் தவுக்கேயிடம் அவள் எங்கள் குற்றம் எதையும் சொல்லவில்லை என்பதையும் அந்த இரண்டு வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் வேலை கேட்டுத்தான் போயிருக்கிறாள். அவர் கொடுக்கவில்லை. அதிகம் கேள்வி கேட்பாள் என்று நம் ஆட்களே அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு என் மனைவி எப்படி அந்த நேரத்துக்குச் சரியாக வந்தாள்? கேட்டால், "எனக்கே தோணுச்சி" என்பாள். நான் நம்பவில்லை. அவள் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவாள்.

அதற்கப்புறம் கிளேபாங் பக்கம் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலைக்குப் போனபோது அங்கே தட்டுக்காரி மண் அரித்துக்கொண்டிருந்தாள். ஆளே கொஞ்சம் இளைத்திருந்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது நேராகவே கேட்டேன்.

"நீங்கதானே அன்னைக்கு அவள வரச் சொன்னது?"

"ஆமா."

"அது விழுந்திருந்தா?"

"நான் பக்கத்துலதானே இருந்தேன். மேல்படிக்கு வர்றதுக்குள்ள தள்ளி விட்டுருப்பேன்."

"நான் கத்த மாட்டேன்னா நெனச்சீங்க?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "அதுதான் தம்பி எனக்குத் தெரியல. அதனாலதான் வரச் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். கட்டின பெண்டாட்டியை எவன் சாகக் கொடுப்பான், உன் மாதிரி சந்தேகம் பிடித்தவளை உன் புருஷன் விட்டுப் போனதில் என்ன தப்பு என்றுகூடச் சொன்னேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு சல்லடையை எடுத்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

என் மனைவியிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மனைவி தெருவோரக் கால்வாய்ப் பலகையைத் தாண்டும்போதே நான் அவளைப் பார்த்துவிட்டேன். அங்கிருந்து படிக்கட்டுக்குப் பதினைந்து தப்படி இருக்கும். முதல் தப்படியிலேயே நான் சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. சத்தம் போட்டால் மண்டோர் என்ன செய்வார், கிராணி என்ன சொல்வார், ஊர் எப்படிச் சிரிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியில் காலை வைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.